சேற்றைப் படித்த பேராசிரியர்

சித்திரை மாதம் எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கி நடந்தால் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பிசான அறுவடை முடிந்த பின்பு அதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அத்தகைய சேற்றையும் மதித்து ஆராய்ந்த பெருமகனார் எம்.ஓ.பார்த்தசாரதி அய்யங்கார். தாவரவியல் மாணவர்கள் அவரை இந்தியப் பாசியியலின் தந்தை என்று அறிவர். பிற துறை நண்பர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

1886இல் பிறந்தவர். சென்னை அருங்காட்சியகத்திலும் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பணியாற்றிய பின் 1920இல் மாநிலக் கல்லூரிக்கு வந்தார். நம் பகுதிக்கும் அவருக்கும் தொடர்புண்டு. அவர் பெயரிட்ட பாசியினம் ஒன்று 'கோர்ட்டல்லென்சிஸ்' என்று குற்றாலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அருவிக்கரையில் வழுக்கி விழுந்து பாசியைத் திட்டியவர்களுள் நானும் ஒருவன்!

பதினாறு, முப்பத்திரண்டு என்று செல்கள் கூடி வாழும் பாசிகளையும், ஆயிரக்கணக்கான செல்கள் உருண்டையாகச் சேர்ந்து வேலையைப் பங்கிட்டுக் கொள்ளும் வால்வாக்ஸையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். தனிச்செல் உயிர் கூட்டுயிராகும் வழி இப்பாசிகளில் படிப்படியாகத் தெரிகிறது. பைக்கால், டாங்கனிக்கா போன்ற ஏரிகள் பல இலட்சம் ஆண்டுகள் வற்றாதவை. அங்கே நுண்பாசிகள் வேறெங்கும் இல்லாத இனங்களாகப் பிரிந்துள்ளன. நம் குளங்களோ ஆண்டுதோறும் காய்பவை. இங்கே பாசிக்கு வரும் சோதனையே வேறு.

அச்சோதனையில் தேறிய ஒன்றைத்தான் அய்யங்கார் 1932இல் உலகுக்கு அறிவித்தார். ஈர மண்ணில் வளரும் அப்பாசிக்கு, இலண்டனில் தமக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஃபிரிட்ச்சின் பெயரால் ஃபிரிட்சியெல்லா என்று பெயரிட்டார். வேர் போன்ற இழை கீழே செல்லும். கிளைகள் மண்ணுக்கு மேலே நிமிரும். இடையே மண்ணுக்குள் கிழங்கு போன்ற செல்திரள் இருக்கும். கோடையில் மேற்பகுதி மடிந்தாலும் அத்திரள் உயிரைக் காத்துக்கொள்ளும். நீர்ப்பாசி நிலத்தாவரமான கதைக்கு இதுவே சாட்சி என்று பாடநூல்கள் எழுதின.

இன்றைய மரபணு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. நிலத்தாவரங்களுக்கு நெருங்கிய உறவு, நம் குளங்களில் பச்சைப் பட்டு நூலாக மிதக்கும் ஸ்பைரோகைரா சேர்ந்த குழுவாம். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. பிறகு யோசித்தேன். அய்யங்கார் கண்டு விவரித்த உருவத்தில் பிழை இல்லை, உறவுமுறைதான் மாறியது. நிலத்தில் வாழும் உபாயத்தை அப்பாசி தானாகவே, தனி வழியில் கண்டிருக்கிறது. எனக்கு இது முந்தைய கதையைவிடப் பெரிய வியப்பு.

1944இல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் பாசியை விடவில்லை. 1963இல் காலமானார்.

சென்ற வைகாசியில் எங்கள் குளத்துச் சேற்றில் ஒரு பிடி எடுத்து வந்தேன். சேற்றைப் படிக்கவா கல்லூரிக்கு அனுப்பினோம் என்று வீட்டில் சிரித்தார்கள். தட்டில் இட்டு நீர் தெளித்து வந்தேன். பன்னிரண்டாம் நாள் பச்சை படர்ந்தது. ஃபிரிட்சியெல்லா அன்று, நீலப்பச்சைப்பாசி என்றார் ஆசிரியர். தட்டு இன்னும் ஆய்வகச் சன்னலோரம் இருக்கிறது. விரும்புவோர் வந்து பார்க்கலாம்.