யானையா, பன்றியா? ஒரு ரூபாயின் கதை

பாட்டி காலத்து வெள்ளி ரூபாய் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு தோலா எடை. அந்நாளில் தராசில் எடைக்கல்லாகவும் போட்டார்கள். அதில் ஐந்தாம் ஜார்ஜின் முகம் இருந்தால், செதுக்கியவர் சர் பெர்ட்ரம் மக்கென்னல்.

1863-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்தவர். தகப்பனாரும் சிற்பி, முதலில் தொழில் கற்றுக் கொடுத்தவர் அவரே. 1882-ல் லண்டனுக்குக் கப்பலேறினார். பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்ட பிறகே பெயர் வந்தது.

1910-ல் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தார். புதுக் காசுக்கு ராஜாவின் தலையைச் செதுக்கும் பொறுப்பு மக்கென்னலுக்குக் கிடைத்தது. தபால்தலையிலும் கை வைத்தார். கடல் குதிரைகள் இழுக்கும் தேரில் பிரிட்டானியா நிற்கும் 1913-ம் வருஷத்துத் தபால்தலை இவருடையதுதான். சேகரிப்பவர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

வம்பு நம் நாட்டில் வந்தது. 1911 ரூபாயில் ராஜாவின் அங்கி மேல் ஒரு குட்டி யானை. கடுகளவு இடம், தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டு ஆட்சேபித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்றே பெயர் விழுந்துவிட்டது. சர்க்கார் காசை நிறுத்தியது. அச்சடித்ததில் பெரும்பகுதியை உருக்கியது. தும்பிக்கையை நீட்டி 1912-ல் மறுபடி வெளியிட்டார்கள். டிக்கெட் கவுண்டரில் உட்காரும் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. காசை ஜனங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

1921-ல் சர் பட்டம் பெற்ற மக்கென்னல், 1931-ல் இங்கிலாந்தில் காலமானார். 1936-ல் ராஜா மறையும்வரை அவர் செதுக்கிய முகமே காசில் ஓடியது.

உங்கள் பெட்டியில் இருப்பது 1911 என்றால் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.