கையெழுத்துப் போடத் தெரியாதவர் வைத்த ஆயுதச்சாலை!

திண்டுக்கல் என்றதும் பூட்டுதான் நினைவுக்கு வரும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வேறொரு பட்டறை இருந்தது. பீரங்கிப் பட்டறை! அதை வைத்தவர் ஐதர் அலி.

ஐதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரும்பாடுபட்டுத் தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டார். அதையும் தலைகீழாகத்தான் போடுவார்!

கோலார் அருகே பூதிக்கோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனார் போரில் மடிந்தார். பிறகு மைசூர்ப் படையில் சேர்ந்தார். 1750-ல் செஞ்சி அருகே நாசிர் ஜங் கொல்லப்பட்டபோது பெருங்குழப்பம். அதில் ஐதரின் ஆட்களுக்குப் பொற்காசுகளும் குதிரைகளும் துப்பாக்கிகளும் அகப்பட்டன. துப்பாக்கி கிடைத்துவிட்டது. பழுதானால் சரி செய்வது யார்?

1755-ல் மைசூர் அரசு அவரைத் திண்டுக்கல் சீமைக்குத் தளபதியாக அனுப்பியது. பழனி, விருப்பாட்சி, கன்னிவாடி எல்லாம் அந்தச் சீமையின் பாளையங்கள். கப்பம் கட்டாத பாளையக்காரர்களை ஐதர் அடக்கினார். கொள்ளையும் நடந்தது. கன்னிவாடிக்காரர்களுக்கு இது இனிக்கும் கதை அல்ல.

பணம் சேர்ந்ததும் வேறொருவராக இருந்தால் மாளிகை கட்டியிருப்பார். ஐதரோ தொழில் தெரிந்தவர்களைத் தேடினார். திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரியிலிருந்து கைதேர்ந்த தொழிலாளிகளை வரவழைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் வழிகாட்ட, திண்டுக்கல்லில் ஆயுதச்சாலையும் மருந்துச்சாலையும் எழுந்தன.

அந்நாளில் துப்பாக்கிக் குழல் செய்வது லேசான வேலையா? இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். ஒரு கம்பியின் மேல் சுருட்ட வேண்டும். விளிம்போடு விளிம்பு ஒட்டும்வரை சம்மட்டியால் அடிக்க வேண்டும். பிறகு உட்புறத்தைக் கடைந்து வழவழப்பாக்க வேண்டும். ஓரிடத்தில் ஒட்டு விட்டிருந்தாலும் போச்சு! மருந்தோடு குழலும் வெடிக்கும். எதிரி பிழைப்பான், சுட்டவன் சாவான்!

1761-ல் ஐதர் மைசூரின் அதிபதியானார். 1780 செப்டம்பர் 10-ந்தேதி காஞ்சீபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை மைசூர்ப் படை முறியடித்தது. ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின.

1782 டிசம்பர் 7-ந்தேதி சித்தூர் அருகே முகாமில் ஐதர் இறந்தார். மகன் திப்பு அப்போது மேற்குக் கரையில் இருந்தார். படை கலைந்துவிடுமோ என்ற அச்சத்தால் மரணத்தை மறைத்தார்கள். பொக்கிஷம் போவதுபோல் ஒரு பெட்டியில் வைத்து, காவலோடு உடலைக் கோலாருக்கு அனுப்பினார்கள்.

பட்டறை இருந்த திண்டுக்கல், 1792 உடன்படிக்கையில் ஆங்கிலக் கம்பெனியிடம் போயிற்று.