பிலடெல்பியா உபாத்தியாயர்

தேசத் தொண்டில் ஈடுபடுவோர் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. சட்டசபையும் பொதுக்கூட்டமும் அரசியல் எனலாம். பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும், வீடிழந்தவனுக்குக் கூரை தேடிக் கொடுப்பதும் தர்ம காரியங்களாகுமேயன்றி அரசியலாகுமா என்பதே அவ்வையம். இதற்குத் தம் வாழ்க்கையைக் கொண்டே விடை கூறிச் சென்றவர் ஒருவர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பள்ளி நடத்திய ஆந்தொனி பெனஸெட் என்பவரே அவர். உலகில் அடிமை வியாபாரத்தை ஒழித்த இயக்கத்தின் வேரைத் தோண்டிப் பார்ப்போமாயின், இந்த உபாத்தியாயருடைய எழுதுகோலையும் பலகையையும் அங்கே காண்போம்.

பெனஸெட் 1713-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி பிரான்ஸ் தேசத்தில் ஸெயின்ட் குவான்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் ஹ்யூகனாட் என்னும் புரொட்டஸ்டண்டு வகுப்பினர். 1685-ல் பதினான்காம் லூயி மன்னன் அவ்வகுப்பினருக்கிருந்த மதப் பாதுகாப்பைப் பறித்த பின்னர், மனச்சாட்சியைக் காப்பாற்ற விரும்பியவர்கள் சொத்தை இழக்க நேர்ந்தது. தந்தையின் உடைமை பறிமுதலாயிற்று. 1715-ல், ஆந்தொனி இரண்டு வயதுக் குழந்தையாயிருக்கையில், குடும்பம் ஹாலந்துக்குத் தப்பியோடிற்று. அங்கிருந்து லண்டனுக்கும், 1731-ல் பிலடெல்பியாவுக்கும் சென்றது. நாடு விட்டு நாடு ஓடியவனின் துயரம் அவருக்குப் பிறரிடம் கேட்டறிந்த கதையன்று.

அந்நகரில் அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்து வாழ்ந்தார். குவேக்கர்களுக்குப் புரோகிதர் இல்லை; சடங்கு இல்லை. மௌனமாகக் கூடியிருந்து, உள்ளத்தில் தோன்றும் தெய்வ ஒளியின் வழி நடப்பதே அவர்களது நெறி. அவ்வொளி மனிதர் ஒவ்வொருவரிடத்தும் உண்டென்பதால், பிரபுவின் முன் தொப்பியைக் கழற்றமாட்டார்கள், சத்தியப் பிரமாணம் செய்யமாட்டார்கள், ஆயுதம் ஏந்தமாட்டார்கள். இத்தனை உயர்ந்த கொள்கை படைத்தவர்களிலும் செல்வர் பலர் ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி அடிமைகளாக வைத்திருந்தனர் என்பதுதான் வியப்பு. 1688-லேயே ஜெர்மன்டவுனில் நால்வர் கையெழுத்திட்டு இவ்வழக்கத்தைக் கண்டித்து விண்ணப்பம் அனுப்பினர். மேற்சபைகள் அதனை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிட்டு, முடிவில் கிடப்பில் போட்டன. பிறருடைய கொடுமையைக் கண்டிப்பது எளிது. தம் இனத்தார் வீட்டு முற்றத்தில் நிற்கும் அநீதியைச் சுட்டுவதே அரிது. பெனஸெட் ஏற்ற பணி அவ்வரிய பணியாகும்.

வியாபாரம் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. 1739-ல் அதே ஜெர்மன்டவுனில் உபாத்தியாயரானார். 1742-ல் பிலடெல்பியாவில் குவேக்கர்கள் நடத்திய பள்ளிக்கு வந்தார். பிரம்பே குருவாயிருந்த அக்காலத்தில் அவர் அன்பினால் பாடம் சொன்னார். பெண் கல்வியைப் பெரிதாகக் கருதாத காலத்தில், 1754-ல் பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். இவை எல்லாவற்றினும் பெரிது ஒன்று உண்டு. 1750-ம் ஆண்டு முதல், பகற்பள்ளி முடிந்த பின் மாலை வேளைகளில், கறுப்புச் சிறுவர்களைத் தம் வீட்டிற்கு அழைத்து எழுத்தும் கணக்கும் கற்பிக்கலானார். சம்பளமின்றி ஏறத்தாழ இருபது ஆண்டு இப்பணி நடந்தது. 1770-ல் அவருடைய முயற்சியால் குவேக்கர் சபையே ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியை ஏற்படுத்திற்று.

இம்மாலை வகுப்பின் அரசியல் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கறுப்பர் அறிவிற் குறைந்தவர் என்பது அக்காலத்து மேதாவிகள் பலரது கருத்து. தத்துவஞானி ஹ்யூம் அவ்வாறு எழுதினார். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்ஸனும் பின்னர் அவ்வாறே ஐயுற்று எழுதினார். அவர்கள் தம் நூல் அறையிலிருந்து தீர்ப்புக் கூறினர். பெனஸெட் கறுப்புச் சிறுவர்களுடன் ஒரே விளக்கடியில் பல்லாண்டு அமர்ந்தவர். திறமையில் அவர்கள் வெள்ளைப் பிள்ளைகளுக்குச் சற்றும் குறைந்தவரல்லர். குறை அடிமை நிலையில் இருக்கிறதேயன்றிப் பிறப்பில் இல்லை என்று அவர் அச்சிட்டுச் சாட்சி பகர்ந்தார். உபாத்தியாயருடைய அனுபவம் தத்துவஞானியின் ஊகத்தை வென்ற இடம் இது.

1755-ல் பிரிட்டிஷ் சர்க்கார் நோவா ஸ்கோஷியாவிலிருந்து அகேடியர் என்னும் பிரெஞ்சு மக்களை வேரோடு பெயர்த்துப் பல குடியேற்றங்களுக்குக் கப்பலேற்றிற்று. 450 பேருக்கு மேல் பிலடெல்பியா வந்து சேர்ந்தனர். அவர்கள் கத்தோலிக்கர், பகைவர் மொழி பேசுவோர், போதாக்குறைக்கு வைசூரி கண்டவர்கள். நகரத்தார் அஞ்சினர். பெனஸெட் அவர்கள் மொழியிலேயே பேசி, உணவும் உடையும் திரட்டி, குடியிருக்க வீடுகளும் கட்டச் செய்தார். கத்தோலிக்க அரசனால் விரட்டப்பட்ட குடும்பத்தின் மகன் கத்தோலிக்க அகதிகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஊழியம் செய்தான் என்பதில் எத்தனை பெருமை அடங்கியிருக்கிறது!

நிற்க, அவருடைய போராட்ட முறையைக் கவனிப்போம். முதலில் தம் சபையாரிடமே சென்றார். தையற்காரரான ஜான் வுல்மனும் இவரும் ஒத்து உழைத்தனர். 1758-ல் கூடிய பிலடெல்பியா வருஷாந்தர சபை, இனி அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபைக் காரியங்களில் பங்கு கொள்ளலாகாதென்று தீர்மானித்தது. 1776-ல் அடிமைகளை விடுவிக்க மறுப்போரைச் சபையினின்றே விலக்கவும் துணிந்தது. ஜெர்மன்டவுன் விண்ணப்பத்திற்கு எண்பத்தெட்டு ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் அது!

அடுத்து, உலகத்தாரிடம் சென்றார். 1759 முதல் துண்டுப் பிரசுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். 1766-ல் பிரிட்டனுக்கும் அதன் குடியேற்றங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 1771-ல் கினி நாட்டின் சரித்திரத்தைப் பற்றிய பெரும் நூல். அவர் ஆப்பிரிக்காவைக் கண்ணாற் கண்டவரல்லர். ஆயின் அங்கே சென்ற வியாபாரிகளும் கப்பல் தலைவர்களும் கோட்டை அதிகாரிகளும் எழுதிய குறிப்புகளைத் தேடிப் படித்தார். அந்நாட்டில் உழவும் நெசவும் வாணிபமும் ஒழுங்கான ஆட்சியும் இருந்தன என்பதையும், வெள்ளையர் மூட்டிய வேட்கையால் போரும் ஆட்பிடிப்பும் பெருகின என்பதையும் அவர்கள் வாயாலேயே மெய்ப்பித்துக் காட்டினார். எதிரியின் கணக்குப் புத்தகத்தையே எதிரிக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய வாதம் அது, மறுப்பது எளிதாயிருக்கவில்லை.

இப்பிரசுரங்களைக் கிடைத்த வழியிலெல்லாம் அனுப்பினார். லண்டனில் கிரான்வில் ஷார்ப், அவரது நூலொன்றைக் கண்டு மறுபதிப்புச் செய்தார். 1772 முதல் இருவரும் கடிதம் எழுதிக் கொண்டனர். மெதடிஸ்ட் சமயத் தலைவர் ஜான் வெஸ்லி 1774-ல் அடிமை முறையைக் கண்டித்து எழுதிய நூல் பெரும்பாலும் பெனஸெட்டின் நூலைத் தழுவியது. 1785-ல் கேம்பிரிட்ஜ் மாணவர் தாமஸ் கிளார்க்ஸன் ஒரு பரிசுக் கட்டுரைக்காக ஆதாரம் தேடினார். கைக்குக் கிடைத்தது பெனஸெட்டின் கினி நூல். பரிசுக்காகப் படித்தவர் உறக்கமிழந்தார். வாழ்நாளையே அடிமை ஒழிப்புக்குக் கொடுத்தார். 1787-ல் லண்டனில் சங்கம் அமைந்தது. 1807-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை வியாபாரத்தைச் சட்டத்தால் தடுத்தது.

சுதந்திரப் போராட்ட காலத்தில் பெனஸெட்டின் நிலை சங்கடமானது. குடியேற்றத் தலைவர்கள் பிரிட்டனைத் தம்மை அடிமைப்படுத்தும் கொடியவன் என்று தூற்றினர். அவர்களிற் பலருடைய தோட்டங்களில் மெய்யான அடிமைகள் உழைத்தனர். வர்ஜீனியாத் தலைவர் பாட்ரிக் ஹென்ரி, பெனஸெட்டின் நூல் ஒன்றைப் பெற்று 1773-ல் எழுதிய கடிதத்தில், இவ்வழக்கம் நியாயமற்றதென்று ஒப்புக்கொண்டார். ஆயினும் அடிமைகளின்றி வாழ்வது வசதிக் குறைவு என்பதனால் தாமும் வைத்திருப்பதாகத் தெரிவித்தார். இரண்டே ஆண்டில் அவரே சுதந்திரம் அல்லது மரணம் என்று முழங்கியதாகச் சரித்திரம் கூறுகிறது. தன் விடுதலையைக் கேட்பவன் தன் கீழிருப்பவனுக்கு அதை மறுத்தால், அவன் கேட்பது விடுதலையா, அதிகாரமா? பெனஸெட்டின் வாழ்வு இக்கேள்வியை இடைவிடாமல் எழுப்பிற்று. எந்த நாட்டின் அரசியல் ஊழியரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

அவர் போரை ஆதரிக்கவுமில்லை. 1776-ல் போரின் இயல்பைக் கண்டித்து எழுதினார். மதுவின் தீமையைப் பற்றி 1774-லும், செவ்விந்தியரின் நற்குணங்களையும் உரிமையையும் பற்றி 1784-லும் நூல்கள் வெளியிட்டார். பிற்காலத்தில் புலாலையும் விட்டார். எளிய உடை, எளிய உணவு, செலவில் மிஞ்சியது ஏழைக்கு என்பதே வீட்டு ஒழுங்கு. மனைவி ஜாய்ஸ் அம்மையார் இதற்கெல்லாம் உடன்பட்டு வாழ்ந்தார். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் சிசுப் பருவத்திலேயே இறந்தன. பணப் பேராசையே போருக்கும் அடிமைத்தனத்துக்கும் தாய் என்பது பெனஸெட்டின் முடிவு. ஆகவே தம் இல்லத்துச் சிக்கனமும் ஊர் அறியச் செய்த பிரசாரமும் அவருக்கு ஒரே காரியமாயின.

பென்ஸில்வேனியாச் சட்டசபையில் அடிமை ஒழிப்பு மசோதா வந்தபோது, அறுபது வயது கடந்த அவர் அங்கத்தினர்களைத் தனித்தனியே கண்டு வாதாடினார். 1780 மார்ச் 1-ந் தேதி சட்டம் நிறைவேறிற்று. அது முழு வெற்றியன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று முதல் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை இருபத்தெட்டு வயதில் விடுதலை பெறும். முன்னரே அடிமையாய்ப் பதிவானவர் ஆயுள் முழுதும் அடிமையே. அம்மாகாணத்தில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1847-லேதான். குவேக்கர் சபையும் கறுப்பரைச் சம அங்கத்தினராய் ஏற்பதில் நெடுநாள் தயங்கிற்று. அரைக் கதவு திறந்தால் போதுமென்று உறங்குவோருக்கு இந்த அறுபத்தேழு ஆண்டு ஒரு பாடமாகும்.

பெனஸெட் உறங்கவில்லை. 1782-ல் செல்வர் வீட்டுப் பெண்களின் பள்ளியை விட்டு, ஆப்பிரிக்கப் பள்ளியின் உபாத்தியாயர் பதவியைத் தாமே ஏற்றார். இறுதி வரை அங்கேயே கற்பித்து, 1784 மே 3-ந் தேதி, எழுபத்தொன்றாம் வயதில் காலமானார். நூற்றுக்கணக்கான கறுப்பு மக்கள் கண்ணீருடன் அவர் சவ ஊர்வலத்தில் நடந்தனர். மனைவியின் காலத்துக்குப் பின் தம் சொற்பச் சொத்து அப்பள்ளிக்கே சேர வேண்டுமென்று உயில் எழுதியிருந்தார்.

அப்பள்ளியில் சிறு வயதில் படித்தவர் ஜேம்ஸ் போர்ட்டன். அவர் கப்பற்பாய் தைக்கும் தொழிலில் பெருஞ் செல்வராகி, 1813-ல் கறுப்பரின் உரிமையைக் குறைக்க வந்த மசோதாவை எதிர்த்து எழுதினார். 1831-ல் காரிஸன் தொடங்கிய அடிமை ஒழிப்புப் பத்திரிகைக்குப் பொருளுதவி செய்தார். உபாத்தியாயர் தம் இனத்தாரிடம் கறுப்பருக்காக வாதாடினார்; அவர் பள்ளியின் மாணவர் தமக்காகத் தாமே வாதாடினார். தொண்டு செய்வோர் தங்கள் வேலை பலித்ததா என்று அறிய இதனினும் நேரான அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.