கடிகாரக் கலைஞர் ஆபிரகாம் லூயி பிரெகே

கைப்பேசியைத் தொட்டால் மணி தெரிந்துவிடும் இந்நாளில், சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தைப் பற்றிப் பேசப் புகுவது தோழியர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அந்தச் சிறு கருவிக்குள் ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டார் என்று அறியும்போது, அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்னும் ஆவல் நமக்கும் உண்டாகிறது. அவர்தாம் ஆபிரகாம் லூயி பிரெகே. உலகின் கடிகாரக் கலைஞர்களுள் தலைசிறந்தவர் யார் என்று அத்தொழில் அறிந்தவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பெயர் இதுவே.

இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள நியூஷாத்தெல் என்னும் ஊரில், 1747ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் பிரெகே பிறந்தார். அவருக்குப் பதினொரு வயதானபோது தந்தை காலமானார். தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தையின் குடும்பம் கடிகாரத் தொழில் செய்யும் குடும்பம். அவர்களுக்குப் பாரீஸிலும் கடை இருந்தது. ஆகவே 1762இல், சிறுவனைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று வெர்சேலில் ஒரு கடிகாரக்காரரிடம் தொழில் பழக விட்டனர். அப்போது அவருக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பில் பயிலும் நம் வயதுதான்! நாம் தேர்வுக்குப் பயந்துகொண்டிருக்கும் வயதில் அவர் அயல்நாட்டில் அரத்தையும் இடுக்கியையும் கையில் எடுத்துவிட்டார்.

பகலில் வேலை, மாலையில் படிப்பு. பாரீஸிலுள்ள மசாரின் கல்லூரியில் மாலை வகுப்புகளுக்குச் சென்று அவர் கணிதம் கற்றார். அங்கே ஆசிரியராக இருந்தவர் அருட்தந்தை ஜோசப் பிரான்சுவா மரி. அரச குடும்பத்துச் சிறுவர்களுக்கும் பாடம் சொன்ன அந்தக் குரு, பட்டறையிலிருந்து அழுக்குக் கையோடு வந்த இந்த மாணவரின் அறிவைக் கண்டுகொண்டார். பின்னாளில் அரண்மனைக் கதவுகள் பிரெகேக்குத் திறந்ததற்கு அவருடைய அறிமுகமே பெரிதும் காரணம். தாயும் மாற்றாந்தந்தையும் மறைந்து, தங்கையையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு வந்த காலத்திலும் பிரெகே படிப்பை விடவில்லை.

கடிகாரம் செய்பவருக்குக் கணிதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெரிய முள் பன்னிரண்டு முறை சுற்றினால் சிறிய முள் ஒரே முறைதான் சுற்ற வேண்டும். நொடி முள்ளோ ஒரு மணி நேரத்தில் அறுபது முறை சுற்ற வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் சக்கரங்களின் பற்களில் இருக்கிறது. ஒரு சக்கரத்தில் ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் ஓடும். ஆனால் பொய் சொல்லிக்கொண்டே ஓடும். நாம் சலித்துக்கொள்ளும் விகித சமக் கணக்குக்கு இவ்வளவு வேலை இருக்கிறது!

1775இல் அவர் சிசில் லுல்லியே என்னும் பெண்ணை மணந்தார். அதே ஆண்டில் பாரீஸ் நகரின் நடுவே, சேன் ஆற்றின் தீவிலுள்ள கடிகாரத் துறைக்கரை என்னும் தெருவில் சொந்தக் கடை திறந்தார். அருகிலுள்ள கோபுரத்தின் பழம்பெரும் பொதுக் கடிகாரத்தால் அத்தெருவுக்கு அப்பெயர் வந்தது. மனைவி கொண்டுவந்த சீர்ப்பணமே கடைக்கு முதலாயிற்று என்பர். சீர் வாங்குவதை நாம் ஒப்பவில்லை; எனினும் பிரெகே என்ற பெயர் பொறித்த முகப்புகளுக்குப் பின்னால் அந்த அம்மையாரின் பணமும் இருந்ததை யாரேனும் சொல்லத்தானே வேண்டும்? அவர் நெடுநாள் வாழவில்லை. 1780இல், தம் 28ஆம் வயதிலேயே இறந்துவிட்டார். பிள்ளைகளுள் அந்துவான் லூயி என்னும் ஒரு மகன் மட்டுமே தங்கினான். பிரெகே மீண்டும் மணம் செய்யவில்லை.

அவர் செய்தவற்றை அறிய வேண்டுமானால் கடிகாரத்தின் உள்ளுறுப்புகளை முதலில் அறிய வேண்டும். எங்கள் அறிவியல் சகோதரி சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்றின் பின்மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து, பூதக்கண்ணாடி வழியே எங்களுக்குக் காட்டினார்கள். சாவியைத் திருகும்போது வட்டமான ஒரு டப்பிக்குள் எஃகு நாடா ஒன்று சுருண்டு இறுகுகிறது. இதுவே மெயின் ஸ்பிரிங். கடிகாரத்தின் வலிமையெல்லாம் இதில்தான். இதை அப்படியே விட்டால் சில விநாடிகளில் சடசடவென்று பிரிந்து சக்கரங்களைச் சுழற்றி ஓய்ந்துவிடும். அவ்வாறு ஓடிவிடாமல், கவட்டை போன்ற ஒரு சிறு நெம்பு, கடைசிச் சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தடுத்துத் தடுத்து விடுகிறது. நமக்குக் கேட்கும் டிக் டிக் ஓசை இந்தத் தடுப்பின் ஓசையே. கவட்டைக்குத் தாளம் போடுவது பேலன்ஸ் வீல் என்னும் வட்டு. அதன் நடுவே மயிரினும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங் சுருண்டு விரிந்து அதை இங்கும் அங்கும் ஆட்டுகிறது. எங்கள் முன் இருந்த கடிகாரத்தில் அது நொடிக்கு 5 முறை ஆடியது. ஒரு நாளைக்கு 4,32,000 முறை! முகப்பில் 17 ஜுவல்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நகை என்று நினைத்துவிடக் கூடாது. அச்சுகளின் நுனி தேயாமல் சுழல்வதற்காகப் பதித்த 17 சிவப்புக் கற்களே அவை.

இந்த உறுப்புகளையெல்லாம் பிரெகேயின் காலத்தில் கையால் அராவி, கடைந்து, மெருகேற்றினார்கள். முள்ளை நீல நிறமாக்கச் சாயம் பூசவில்லை. எஃகைப் பக்குவமாகச் சூடேற்றினால் அதுவே நீலமாகும். ஒரு கணம் தாமதித்தாலும் நிறம் கெட்டுவிடும். நுனிக்குச் சற்று முன்பாகத் துளையிட்ட நிலாப் போன்ற வளையத்துடன் அவர் அமைத்த மெல்லிய முட்களுக்கு இன்றும் பிரெகே முள் என்றே பெயர்.

நடந்தாலே தானாகச் சாவி ஏறும் பைக்கடிகாரத்தை 1780 அளவில் அவர் செம்மைப்படுத்தினார். கடிகாரம் கீழே விழுந்தால் பேலன்ஸ் வீலின் மெல்லிய அச்சு நுனி முறிந்துபோகும். எனவே அதைத் தாங்கும் கல்லை வளைந்து கொடுக்கும் ஒரு சிறு வில்லின் மேல் 1790ஐ ஒட்டிப் பொருத்தினார். அடி விழும்போது வில் வளைந்து, அச்சைக் காத்து, மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். இன்றைய கைக்கடிகாரங்கள் அதிர்ச்சி தாங்குவதற்கு அதுவே மூத்த தாய்.

1783இல் அவருக்கு ஒரு வேலை வந்தது. அரசியின் மெய்க்காவல் அதிகாரி ஒருவர் பிரான்சின் அரசி மேரி அன்டாய்னெட்டுக்காக ஒரு பைக்கடிகாரம் கேட்டார். அந்நாளில் தெரிந்த நுட்பம் அனைத்தும் அதில் இருக்க வேண்டும். இயன்ற இடமெல்லாம் தங்கம். செலவுக்கும் வரம்பில்லை, காலத்துக்கும் வரம்பில்லை. 160 என்ற எண்ணிட்டு வேலை தொடங்கிற்று. ஊரில் ரொட்டிக்கு மக்கள் அல்லல்பட்ட காலம் அது என்பதை நினைக்கும்போது, இந்தத் தங்கக் கடிகாரம் நமக்கு முழு மகிழ்ச்சி தருவதாக இல்லை.

1789இல் புரட்சி வெடித்தது. பிரெகேயின் நிலை இக்கட்டானது. அவர் கடிகாரங்களை வாங்கியவர்கள் அரசரும் பிரபுக்களும். அவர்களின் தலையைக் கேட்டவர்களுள் முன்னணியில் நின்ற மாரா என்பவரோ அவருடைய நண்பர்! மாராவும் நியூஷாத்தெல் பகுதியில் பிறந்தவர். ஒருமுறை மாரா இருந்த வீட்டை அவரைக் கொல்ல ஒரு கூட்டம் சூழ்ந்தபோது, பிரெகே அவருக்குக் கிழவி வேடமிட்டு, கைகோத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவிலேயே வெளியே அழைத்துப் போனார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1793இல் பிரெகேயின் உயிருக்கே ஆபத்து வந்தபோது, நாட்டை விட்டுச் செல்ல அனுமதிச் சீட்டு கிடைக்கச் செய்தவர் அந்த மாராதான். அதே ஜூலையில் மாரா கொலையுண்டார். பிரெகே குடும்பத்துடன் சுவிட்சர்லாந்து சென்றார். அக்டோபர் 16ஆம் நாள் அரசியின் தலை வெட்டப்பட்டது. சிறையில் இருந்தபோது அவர் பிரெகேயிடமிருந்து ஓர் எளிய கடிகாரத்தைக் கேட்டுப் பெற்றார் என்பர். 160ஆம் எண் கடிகாரத்தை அவர் கண்ணால் கூடக் காணவில்லை.

1795இல் பிரெகே திரும்பி வந்தபோது வயது 48. பட்டறை சீர்குலைந்திருந்தது, பழைய வாடிக்கையாளர்களுள் பலர் உயிரோடில்லை. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை ஒரே ஒரு முள் கொண்ட எளிய கடிகாரத்தை அறிவித்து, விலையில் கால்பங்கை முன்பணமாகச் செலுத்துவோருக்குச் செய்து கொடுத்தார். முன்பணமே மூலதனமாயிற்று. பார்க்காமலே விரலால் தடவி மணி அறியும் கடிகாரமும் செய்தார். வெளியே ஓர் அம்பு, சுற்றிலும் மணிக்கு ஒரு குமிழ். கண்பார்வை இல்லாதவர்க்கும் அது உதவும் அல்லவா? போலிகள் பெருகியபோது, சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மட்டுமே தெரியும் நுண்ணிய கையொப்பத்தை முகப்பில் பொறித்தார். எகிப்துக்குப் படையெடுக்கும் முன் 1798இல் நெப்போலியனும் அவரிடம் மூன்று கடிகாரங்கள் வாங்கினார்.

ஹேர் ஸ்பிரிங்கிலும் ஒரு குறை இருந்தது. விரியும்போது ஒரு பக்கமாகவே ஒதுங்கி விரியும். அதனால் தாளம் தவறும். அதன் வெளி நுனியை மேலே தூக்கி, உள்நோக்கி வளைத்துப் பொருத்தினார் பிரெகே. சுருள் எல்லாப் பக்கமும் சமமாக மூச்சு விடுவதுபோல் விரிந்தது. அவ்வளவு சிறிய வளைவு! சிறந்த கடிகாரங்களில் இன்றும் அது இருக்கிறது.

இவற்றினும் எங்களைக் கவர்ந்தது 1801ஆம் ஆண்டு ஜூன் 26இல் அவர் காப்புரிமை பெற்ற தூர்பியோன். இதற்குச் சுழற்காற்று என்று பொருள். பைக்கடிகாரம் சட்டைப் பையில் எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். பேலன்ஸ் வீலில் ஒரு பக்கம் இம்மியளவு எடை கூடியிருந்தாலும் பூமியின் ஈர்ப்பு அந்தப் பக்கத்தை இழுக்கும். கடிகாரம் முந்தும் அல்லது பிந்தும். எடையை எவ்வளவு சரிசெய்தாலும் இம்மி மிஞ்சிக்கொண்டே இருந்தது. பிரெகே வேறு வழி எண்ணினார். பேலன்ஸ் வீல், சுருள், கவட்டை மூன்றையும் ஒரு சிறு கூண்டில் வைத்து, அந்தக் கூண்டையே நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றச் செய்தார். இப்போது குறை மேலே வரும்போது முந்தியது, கீழே வரும்போது பிந்துகிறது. ஒரு சுற்றில் இரண்டும் கழிந்துவிடுகின்றன. குறையை நீக்க முடியாவிட்டால் அதைக் கொண்டே அதைக் கழிப்பது! கூட்டலும் கழித்தலும் படித்த நமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். செய்வது மிகக் கடினமாகையால் அவர் வாழ்நாளில் மிகச் சில தூர்பியோன்களே வெளிவந்தன.

அவற்றுள் ஒன்றை அவர் விற்கவில்லை. இங்கிலாந்தின் ஜான் ஆர்னால்டு அவருக்குப் போட்டியாளர். ஆயினும் உற்ற நண்பர். பிரெகேயின் மகன் லண்டனில் அவரிடமே தொழில் கற்றார். ஆர்னால்டு 1799இல் இறந்தார். பிரெகே தம் தூர்பியோனை ஆர்னால்டு முன்பு செய்த கடிகாரம் ஒன்றினுள் பொருத்தி, நட்பின் நினைவாக எழுத்துப் பொறித்து, 1808இல் ஆர்னால்டின் மகனிடம் கொடுத்தார். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

இனி நம் மணிக்கட்டுக்கு வருவோம். 1810இல் நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் அரசியுமான கரோலின், கையில் கட்டிக்கொள்ளும் கடிகாரம் ஒன்று வேண்டும் என்றார். பிரெகேயின் கணக்கேடுகளில் அது 2639ஆம் எண். நீண்ட முட்டை வடிவம், அழுத்தினால் மணியடிக்கும் அமைப்பு, வெப்பமானி, முடியும் தங்க இழையும் சேர்த்துப் பின்னிய பட்டை. 17 பேர் கைபட்டு 1812இல் முடிந்தது. கைக்கடிகாரமாகவே திட்டமிட்டுச் செய்யப்பட்டதாக ஏட்டில் பதிவான மிகப் பழைய கடிகாரங்களுள் இதுவும் ஒன்று. முதல் உலகப் போர் வரை ஆண்கள் பலர் இதைப் பெண்களின் அணி என்று எண்ணிக் கட்டாமலிருந்தனர் என்பதையும் நம் சகோதரர்களுக்குச் சொல்லி வைக்கலாம்!

முதுமையில் பெருமைகள் வந்தன. 1815இல் கடற்படையின் கடிகாரக் கலைஞரானார். 1816இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இடம் பெற்றார். 1823 செப்டம்பர் 17ஆம் நாள், தம் 76ஆம் வயதில் பாரீஸில் மறைந்தார். பெர் லஷேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்தபோதும் 160ஆம் எண் முடியவில்லை. அரசி போய் முப்பது ஆண்டு. பணம் கொடுக்கக் கேட்டவரும் இல்லை. மகனின் பொறுப்பில் 1827இல்தான் அது நிறைவெய்தியது; 44 ஆண்டு, 823 உறுப்புகள். இறந்துபோனவர்க்கு எதற்கு என்று எங்களுள் சிலர் வாதிட்டனர்; ஏற்ற வேலையை எப்படி நிறுத்துவது என்றனர் மற்றவர். வாதம் முடியவில்லை. 1983 ஏப்ரலில் எருசலேம் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து அது திருடப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மீண்டும் கிடைத்தது. கரோலினின் கைக்கடிகாரமோ 1855இல் ஒருமுறை பழுதுபார்க்க வந்ததாகக் கடை ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அதன்பின் அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.