தோற்றவனுக்கும் புரிய வேண்டும்

விடுதியில் கடைசிப் பந்திக்குக் குழம்பு தீர்ந்துபோனால், இது நியாயமா என்று கேட்கிறோம். பேருந்தில் துண்டு போட்டு வைத்த இடத்தில் வேறொருவர் அமர்ந்துவிட்டாலும் அதே கேள்விதான். நாள்தோறும் நம் நாவில் புரளும் இந்தச் சொல், நீதிமன்றப் படியேறியதும் நமக்கு அந்நியமாகிவிடுவது ஏன்?

எங்கள் வீட்டில் இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. வரப்புத் தகராறு ஒன்றில் என் தாத்தா வழக்காடித் தோற்றார். தீர்ப்பு நகல் ஆங்கிலத்தில் இருந்தது. தோற்ற செய்தியை வக்கீல் குமாஸ்தா சொன்னார். தோற்ற காரணத்தை எவரும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்து, அநியாயம் நடந்துவிட்டதென்று சாகும்வரை புலம்பினார் தாத்தா. கல்லூரிக்கு வந்தபின் அகராதியைப் புரட்டிப் புரட்டி அதைப் படித்தேன். தீர்ப்பு சரியாகவே இருந்தது!

அன்றிலிருந்து என் நெஞ்சில் நிலையாக வீற்றிருப்பவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் தந்தவர் என்று அவரைப் பாடத்தில் அறிவோம். நீதிபதியாக அவரை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். ஏழையின் வழக்கு ஒரு மொழியில் நுழைந்து வேறொரு மொழியில் வெளியேறும் விந்தையை அருகிருந்து கண்டவர் அவர். 1857-இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். பின் சீர்காழியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கினார். 1859-இல் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலியைக் கடுமையாகச் சாடினார்.

ஒத்த வழக்குகளுக்கு ஒத்த தீர்ப்பு என்பது சட்டம் கூறும் நியாயம். அதற்காகவே மேல்மன்றத் தீர்ப்புகள் கீழ்மன்றங்களுக்கு வழிகாட்டுகின்றன. ஆனால் அத்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் முடங்கிக் கிடந்தால், ஆங்கிலம் அறியாதவன் தன் வழக்கை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பான்? சென்னை சதர் அதாலத் 1805 முதல் 1861 வரை வழங்கிய தீர்ப்புகளை வேதநாயகர் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862-இல் வெளியிட்டார். சட்டத்தின் நியாயத்தை மக்கள் பேச்சின் நியாயத்தோடு கைகோக்க வைத்த அருஞ்செயல் அது. தமிழ் வக்கீல்கள் தமிழ் மக்களின் வழக்கை அவர்களுக்கே புரியாத ஆங்கிலத்தில் வாதிடும் கூத்தைத் தம் நாவலிலும் எள்ளி நகையாடினார்.

பதவியை விட்ட பின்னும் அவர் மாயூரத்தை விடவில்லை. அந்நகராட்சித் தலைவராகவும் விளங்கினார். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தோரைக் காத்தார். அந்த ஈகையை வியந்து கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி மெல்ல நகர்ந்து வருகிறது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் பிறந்தது. 1976-இல் வந்த திருத்தம் கீழ்மன்றங்களில் தமிழுக்கு வழிவகுத்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கங்களும் வெளிவருகின்றன. ஆயினும் உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமே.

வென்றவனுக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. பணம் வரும், நிலம் வரும். தோற்றவனுக்குக் கிடைப்பது காரணம் ஒன்றுதான். அதையும் அவனுக்குப் புரியாத மொழியில் கொடுத்தால், சரியான தீர்ப்பும் அவன் வாயில் அநியாயம் ஆகிவிடுகிறது. நாளை வழக்கறிஞராகவும் அலுவலராகவும் ஆகப்போகும் நண்பர்கள் இதை மனத்தில் கொள்வார்களாக!

சென்ற விடுமுறையில் தாத்தாவின் தீர்ப்பைத் தமிழில் எழுதிப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்ட பாட்டி, இதை அவரிடம் ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.