ரயில்வேயிலிருந்து வந்த பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ்

அமெரிக்க கிராமிய இசை ரசிகர்கள் இன்றும் தேடிப்பிடித்துக் கேட்பவை ஜிம்மி ராட்ஜர்ஸின் இசைத்தட்டுகள். 1897-ல் பிறந்த அவர் ஒரு ரயில்வே தொழிலாளி.

சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ரயில்பாதை மேஸ்திரி. பாதை வேலை செய்தவர்களுக்குத் தண்ணீர் சுமந்த சிறுவன், கறுப்பினத் தொழிலாளர் பாடுவதைக் கேட்டே பாட்டுக் கற்றான். பின்னர் பிரேக்ஸ்மேன் ஆனார்.

1924-ல் காசநோய் கண்டது. ரயில் வேலைக்கு உடம்பு இடம் தரவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றப் பாட்டையே நம்பினார். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் விக்டர் கம்பெனி அவரது முதல் பாட்டுகளைப் பதிவு செய்தது. கிதார் ஒன்றே துணை. குரல் சட்டென உச்சத்துக்குத் தாவும் அவரது 'யோடல்' பாட்டுகள் உழைப்பாளிகளின் உள்ளத்தைத் தொட்டன. சுமார் ஆறு ஆண்டுகளில் நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் பதிவாயின.

1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. ஒரு பாட்டு முடிந்ததும் கட்டிலில் படுத்து இளைப்பாறுவார். எழுந்து அடுத்ததைப் பாடுவார். பதிவு முடிந்த இரண்டாம் நாள் காலமானார். வயது 35. உடல் சொந்த ஊரான மெரிடியனுக்கு ரயிலில்தான் போய்ச் சேர்ந்தது.

1940-ல் 'புளூகிராஸ்' இசையின் தந்தை பில் மன்ரோ தம் குழுவோடு முதன்முதலாகப் பதிவு செய்த பாட்டுகளிலும் ராட்ஜர்ஸின் பாட்டு ஒன்று உண்டு. நோயுற்ற நெஞ்சிலிருந்து வந்த அந்தக் குரலை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.