ஆண் நாய்க்குள் கருப்பையா? விடை சொல்லும் செல்லைக் கண்டறிந்த செர்டோலி யார்?

மினியேச்சர் ஷ்னாஸர் இனத்தில் சில நாய்கள் வெளியே பார்த்தால் முழு ஆண். ஸ்கேன் எடுத்தால் உள்ளே கருப்பை இருக்கும்! இந்தப் புதிரின் நடுவில் இருப்பது ஒரு செல். அதைக் கண்டறிந்தவர் என்ரிக்கோ செர்டோலி.

1842-ல் வட இத்தாலியின் சோந்திரியோவில் பிறந்த செர்டோலி, பாவியாவில் மருத்துவம் படித்தார். 1865-ல் மனித விரையின் நுண்குழாய்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, கிளை விட்டது போன்ற செல்கள் கண்ணில் பட்டன. விந்தணு உருவாக இவைதான் துணை நிற்கின்றன என்று கணித்தார். அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை. கணிப்பு சரியாக இருந்தது. அந்த செல்லுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1870-ல் மிலன் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர், 1910-ல் மறைந்தார்.

அவர் காலத்தில் தெரியாமல் போன விஷயம் ஒன்று உண்டு. ஆணோ பெண்ணோ, கருவில் எல்லாக் குட்டிக்கும் கருப்பையாக மாறக்கூடிய குழாய்கள் இருக்கும். ஆண் கருவில் செர்டோலி செல் ஒரு ஹார்மோனைச் சுரந்து அவற்றை மறையச் செய்யும். பாதிக்கப்பட்ட ஷ்னாஸர்களில் ஹார்மோன் சுரக்கும். ஆனால், அதை உள்வாங்கும் ஏற்பியின் மரபணுவில் பிழை. அதனால் குழாய்கள் மறையாமல் கருப்பையாக வளர்ந்துவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் குட்டிக்குப் பாதிப்பு. ஒரு பிரதி மட்டும் உள்ள நாய் நார்மலாகவே தெரியும். அதனால்தான் இனப்பெருக்கத்துக்கு முன் மரபணுப் பரிசோதனை முக்கியம்.

அதோடு முடியவில்லை. இந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு விரை கீழே இறங்காது. எந்த இனமானாலும், வயிற்றுக்குள்ளேயே தங்கிய விரையில் செர்டோலி செல் கட்டி வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜன் சுரந்தால் முடி கொட்டும், முலைக்காம்பு பெருக்கும், மற்ற ஆண் நாய்கள் பின்னாலேயே சுற்றும். எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

உங்க ஆண் குட்டிக்கு 6 மாசம் ஆகியும் இரண்டு விரையும் இறங்கலையா? கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. உள்ளே தங்கியதை ஆபரேஷனில் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து நீங்கும். அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடவும் வேண்டாம்.